‘ரன்’ என்னும் ஆங்கில வினை: பொருளறிந்து மாற்றுச் சொல் தேர்வது எப்படி?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் பயின்ற என் மகள் இவ்வாண்டு இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம் என்று ஆசிரியை கூறியதால், கைப்பேசி அகராதியில் ‘ரன்’ என்பதற்கு ஒத்த சொற்களைத் தேடிக் கட்டுரையில் சேர்த்தாள். மாமா பட்டணத்தில் மளிகைக்கடை நடத்துவதைச் சொல்லுமிடத்தில் ‘ஸ்பிரிண்ட்’ என்றும், தாத்தா சீவிய ரப்பர் மரத்தில் பால் வடிந்ததைச் சொல்லுமிடத்தில் ‘ஜாக்’ என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் ஆசிரியை சிவப்பு மையில் சுழித்துவிட்டார். அகராதியில் உள்ள சொல் எப்படிப் பிழையாகும்? அதன் எல்லாப் பொருள்களையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் மகளின் முயற்சி பாராட்டத்தக்கது, வழிதான் சற்று மாறிவிட்டது. ஒத்த சொல் என்பது ஒரு சொல்லின் ஏதோ ஒரு பொருளுக்கு மட்டுமே ஒத்திருக்கும், அச்சொல் முழுவதற்கும் ஒத்திருப்பதில்லை. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் முதல் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூற, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவதற்கென்றே பதினோராம் தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. கைப்பேசியில் கிடைக்கும் ஒத்தசொற் பட்டியல்கள் பலவற்றில் இந்தப் பிரிவினை தெளிவாக இருப்பதில்லை. கால்களால் ஓடுவதற்குரிய சொல்லும், நிர்வகிப்பதற்குரிய சொல்லும், நீர் பாய்வதற்குரிய சொல்லும் அவற்றில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

‘ரன்’ விஷயத்தில் இந்தக் கலப்பு பெரும் இடர்ப்பாட்டைத் தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தியமைத்தவர்கள் இந்த வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியுள்ளனர். அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. உங்கள் மகளும் செய்ய வேண்டியதில்லை. பேருந்து ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, வியாபாரம் ஓடுகிறது, நாள்கள் ஓடுகின்றன என்று நாமும் ஒரே வினையைப் பல இடங்களில் வழங்குவதால், ஒரு வினை இப்படி விரிந்து செல்வது தமிழ்ப் பிள்ளைக்குப் புதியதன்று. ஆகவே, தான் எழுத நினைக்கும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் ‘ஓடு’ என்பது பொருந்தாமல் வேறொரு வினை வந்து நின்றால், ஆங்கிலத்திலும் அது வேறொரு பொருள் என்பதற்கு அதுவே பெரும்பாலும் போதுமான அடையாளம்.

மாமாவின் கடையையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அவர் கடையை நடத்துகிறார். மலாயிலும், நடத்தலைக் குறிக்கும் ‘ஜாலான்’ என்ற அடியிலிருந்து பிறந்த ‘மென்ஜாலான்கான்’ என்ற சொல்லையே தொழில் நடத்துவதற்கு வழங்குகிறோம். இரண்டு மொழிகளும் தொழிலை நடக்கச் செய்ய, ஆங்கிலம் அதை ஓடச் செய்கிறது. உங்கள் மகளுக்கு இம்மூன்று மொழிகளும் தெரியும் என்பதால், இந்த ஒப்பீட்டை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், பிறகு மறக்கமாட்டாள். இப்பொருளுக்குரிய மாற்றுச் சொற்களில் ‘மேனேஜ்’ பொதுவானது. ‘ஆப்பரேட்’ என்பது இயந்திரம், பேருந்துச் சேவை, தொழிற்சாலை போன்றவற்றுக்கு மிகவும் பொருந்தும். உடைமை கொள்வதைக் குறிக்கும் ‘ஓன்’ (own) என்பதை மட்டும் இங்கே மாற்றாகக் கொள்ளக்கூடாது. தோட்டத்தை நடத்துபவர் நிர்வாகி, அதன் உடைமை நிறுவனத்துக்குரியது. நடத்துவதும் உடைமை கொள்வதும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை.

பால் வடிவதைப் பற்றிய வாக்கியம் இன்னும் ஆழமானது. இதில் சற்று நேரம் செலவிடுவது தகும். நீர்மங்கள் பாய்வதைக் குறிப்பது ‘ரன்’ என்பதற்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பொருளன்று. பழைய ஆங்கிலத்திலேயே அந்த வினை ஓடுதலையும் பாய்தலையும் சேர்த்தே குறித்தது. எனவே, பால் கோட்டின் வழியே ‘ரன்’ ஆகி மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) விழுந்தது என்று எழுதினால் அது முற்றிலும் சரி. மாற்றுச் சொல் வேண்டுமானால் பாலின் அளவையும் வேகத்தையும் பார்க்க வேண்டும். கத்தி பட்டவுடன் முத்து முத்தாகக் கசிவதற்கு ‘ஊஸ்’ (ooze), கோடு நிறைந்து சீராக வடிவதற்கு ‘ஃப்ளோ’, மெல்லிய தாரையாக இறங்குவதற்கு ‘ட்ரிக்கிள்’, கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுவதற்கு ‘ட்ரிப்’ (drip) எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. விடியுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும் என்பதும், வெயில் ஏற ஏற அது குறையும் என்பதும் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டு அந்த வரிசையிலேயே இச்சொற்களை அமைத்தால், ஒரு பத்தியில் நான்கு வினைகள் இயல்பாக வந்துவிடும். பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் ‘கஷ்’ (gush) என்பதை மட்டும் தவிர்க்கட்டும். உடைந்த குழாய்க்குப் பொருந்தும் அச்சொல் ரப்பர் மரத்துக்குப் பொருந்தாது.

அவள் எழுதிய ‘ஸ்பிரிண்ட்’, ‘ஜாக்’ இரண்டும் கால்களால் ஓடும் பொருளுக்கே உரியவை. முன்னது குறுந்தொலைவை முழு வேகத்தில் ஓடுவது, பின்னது உடற்பயிற்சிக்காக மெதுவாக, சீராக ஓடுவது. ஆபத்துக்கு அஞ்சித் தப்பி ஓடுவது ‘ஃப்ளீ’, மிரண்டு தலைதெறிக்க ஓடுவது ‘போல்ட்’, அவசரமாகச் சிறிது தூரம் பாய்ந்து செல்வது ‘டேஷ்’.

ஈப்போவிலிருந்து கோல கங்சாருக்குச் செல்லும் சாலை உங்கள் ஊர் வழியாகப் போவதையும் ‘ரன்’ என்று எழுதலாம். ‘பாஸ்’ அதற்குரிய மாற்று. அரிசி தீர்ந்துபோவதைக் குறிக்கும் ‘ரன் அவுட்’, ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பதைக் குறிக்கும் ‘ரன் இன்டு’ போன்ற கூட்டுவினைகளைப் பிரிக்காமல் முழுதாகவே கற்க வேண்டும். மூக்கு ஒழுகுவதையும் ‘ரன்’ என்றே சொல்வதால், அதற்கு மாற்றுச் சொல் தேடவே வேண்டாம்.

தேர்தல் பற்றி எழுதும்போது இன்னொரு கவனமும் தேவை. 1959 பொதுத் தேர்தலில் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட் தொகுதியில் போட்டியிட்டதை அமெரிக்கர் எழுதினால் ‘ரன்’ என்பர். பிரிட்டிஷ் வழக்கு ‘ஸ்டாண்ட்’. நம் நாட்டு நாளிதழ்களில் ‘கான்டெஸ்ட்’ என்பதே பெரிதும் வழங்குகிறது. இச்சொல்லுக்குப் பின் தொகுதியின் பெயர் நேரடியாக வரும், இடையில் ‘ஃபார்’ சேர்க்கக்கூடாது.

வீட்டில் பயிற்சி செய்ய ஒரு குறிப்பேடு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என ஒதுக்கி, மேலே தமிழ் வினையையும், கீழே மாற்றுச் சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியிலிருந்து ஒரு முழு எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் எழுதட்டும். எடுத்துக்காட்டில் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் எவை வருகின்றன என்று பார்ப்பது முக்கியம். ‘ஸ்பிரிண்ட்’ என்பதன் எடுத்துக்காட்டுகளில் ஆள்களும் தொலைவும் வருமேயன்றிக் கடை வராது என்பதை அவளே கண்டுகொள்வாள். கடை, பால், கால், சாலை, கூட்டுவினை என ஐந்து பக்கங்களுடன் தொடங்கினால் பள்ளிக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் போதும்.

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதற்பகுதி ஏறத்தாழ 80 சொற்களில் எழுதும் குறுமின்னஞ்சல். நண்பருக்கு எழுதும் அத்தகைய மடலில் மாமா கடையை ‘ரன்’ செய்கிறார் என்பதே இயல்பான ஆங்கிலம். அங்கே ஒருமுறை வந்த சொல்லை மாற்ற வேண்டாம். 200 முதல் 250 சொற்கள் வரை எழுதும் மூன்றாம் பகுதியில், அதே பொருளில் அச்சொல் அடுத்தடுத்த வாக்கியங்களில் மீண்டும் வரும்போதுதான் ‘மேனேஜ்’ போன்ற மாற்றுச் சொல் பயன்படும்.