கார்பரேட்டர் கேள்வி பதில்: முதலில் அந்தக் கம்பியைக் கீழே வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலையிலிருந்து மழை. தோட்டத்து மண்ரோட்டில் இன்று எவனும் இறங்கமாட்டான், பட்டறை சும்மா கிடக்கிறது. மோட்டார் சைக்கிளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்பரேட்டர் பற்றிக் கேளுங்கள். செயின், டயர் எல்லாம் வேறு நாள்.

கே: அண்ணே, என் மோட்டார் கேஎல்எக்ஸ் 150, மூன்று மாதம் வீட்டுப் பின்னால் நின்றது. சோக் இழுத்தால் ஓடுகிறது, தள்ளினால் செத்துவிடுகிறது. ஐடிலிங் (முறுக்காமல் நிற்கும்போது ஓடும் வேகம்) நாப்பைத் திருகியும் பலனில்லை.

ப: பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற சின்ன ஓட்டைத் திருகு, அடைத்திருக்கிறது தம்பி. நின்றுபோன பெட்ரோல் பிசினாகி அந்த மயிர் அளவு ஓட்டையில்தான் முதலில் உட்காரும். பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கிண்ணத்துக்கு அடியிலுள்ள வடி திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிக் கிளாஸில் பிடித்துப் பாருங்கள் (சிகரெட்டை அணைத்துவிட்டு). தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும், செம்மண்ணும் படியும். அப்புறம் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓட்டை சுத்த வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விடாதீர்கள்! வேலை பழகுகிற காலத்தில் நான் கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குடைந்தேன். ஓட்டை பெரிதாகி, ஒரே வாரத்தில் பிளக் கரியாகிவிட்டது. மீன் தூண்டில் நைலான் நரம்பு போதும். இந்தக் கார்பரேட்டரில் மேலே ரப்பர் டயாஃப்ராம் (மெல்லிய சவ்வு) உண்டு, அதைக் கழற்றி வைக்காமல் கிளீனர் அடித்தால் ஊதிப்போகும்.

கே: டபிள்யூஆர் 155க்கு ஜெட் என்ன நம்பர்?

ப: அதில் கார்பரேட்டரே இல்லை, இன்ஜெக்‌ஷன்.

கே: ஐடிலிங் வைக்கும் முறையைச் சொல்லுங்கள்.

ப: எஞ்சின் ஓடாதபோது கலவைத் திருகை மெதுவாக உள்ளே, தட்டும்வரை மட்டும் விடுங்கள். இறுக்கினால் ஊசிமுனை போச்சு. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நாப்பால் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, திருகைக் கால் கால் சுற்றாக இரு பக்கமும் நகர்த்துங்கள். சத்தம் எங்கே அதிகம் ஏறிச் சீராக நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு நாப்பால் இறக்குங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முறுக்கி விடுங்கள்: ஆர்பிஎம் மேலேயே தொங்கினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்பரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற ரப்பர் மேனிஃபோல்டு வெடித்துக் காற்று இழுக்கிறது. சட்டென்று விழுந்து, சாகப் பார்த்து ஏறினால் பெட்ரோல் அதிகம்.

கே: அந்தக் கலவைத் திருகை வெளியே திருகினால் பெட்ரோல் கூடும் என்கிறேன், என் மச்சான் குறையும் என்கிறான். இருபது வெள்ளி பந்தயம்.

கே: நான்தான் அந்த மச்சான். என் டூ ஸ்ட்ரோக் கேஎக்ஸில் திருகிப் பார்த்துத்தான் சொல்கிறேன் அண்ணே.

ப: இரண்டு பேரும் சரி, காசைக் கீழே வையுங்கள். திருகு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே எடுத்தால் காற்று கூடும், பெட்ரோல் குறையும்.

கே: அப்படியென்றால் மூன்று வருடமாக எனக்குத் தலைகீழாகச் சொல்லித்தந்த இந்த மச்சான் எனக்குக் காசு தர வேண்டாமா?

ப: அது குடும்பப் பிரச்சினை.

கே: கார்பரேட்டர் டியூப் வழியாகப் பெட்ரோல் சொட்டுகிறது.

ப: கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்துகிற மிதவை ஊசியில் தூசி, அல்லது ஊசி தேய்ந்துவிட்டது. சாய்த்துப் போட்ட மோட்டார் என்றால் முதலில் நிமிர்த்துங்கள்.

கே: ஆற்றுத் துறையில் இறங்கினதும் நின்றுவிடுகிறது, கரையேறினால் ஸ்டார்ட் ஆகிறது.

ப: கார்பரேட்டரின் காற்று டியூப் முனை தண்ணீரில் மூழ்குகிறது. கிண்ணத்துக்குக் காற்று போகாவிட்டால் பெட்ரோலும் இறங்காது. ஒரு டியூபை மட்டும் டி வடிவ இணைப்பு போட்டுப் பிரித்து டாங்குக்கு அடியில் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

கே: ஜெட் குத்த கித்தார் தந்தி பரவாயில்லையா?

ப: தந்தி என்ன, அதுவும் கம்பிதானே, கூடாது.

கே: சோக் இழுத்தால்தான் ஓடுகிறது, என்ன செய்வது?

ப: முதல் கேள்வியைப் படியுங்கள் ஐயா.

கே: அண்ணே, மச்சான் காசு தரமாட்டேன் என்கிறான்.

ப: மழை விட்டுவிட்டது, நான் போகிறேன்.