அதிர்ஷ்டச் செடியைக் கையால் வளர்த்துப் பரிசளிக்க: திருகோணமலை வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கா வீட்டுக் குடிபூரலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் மதிலில் படர்ந்திருக்கும் மணி பிளாண்டில் இருந்து ஒரு சாடி தயாரித்துக் கொடுக்க முடியுமா? (உப்புவெளி)

தாராளமாக முடியும், ஆனால் இந்தக் கிழமையே வெட்டிவிடுங்கள். வேர் பிடிக்க மூன்று, நான்கு வாரம் போகும். அதன் பிறகு ஒரு புது இலையாவது விரிந்த செடியைத்தான் கொடுக்க வேண்டும். நேற்று குத்திய தண்டைக் கொடுத்தால் அது வாடுவது அக்காவின் வீட்டில்தான். நல்ல சகுனமாகக் கொடுத்த செடி அங்கே காய்ந்து நின்றால் இரு பக்கத்துக்கும் மனம் சங்கடப்படும்.

மதிலில் ஏறிய தடித்த கொடியை விடுங்கள். ஏறும் கொடியில் இலை பெருக்கும், சாடிக்குள் அடங்காது. கீழே தொங்குகிற, பென்சில் பருமனுள்ள கொடியைப் பாருங்கள். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டைத் தொடும் இடத்துக்கு எதிரில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டிருக்கும். வேர் வருவது அங்கிருந்துதான். கணு இல்லாத தண்டுத் துண்டு எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் செடியாகாது. கணுவுக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே கூரான பிளேட்டால் வெட்டுங்கள். துண்டுக்கு இரண்டு அல்லது மூன்று கணு இருக்கட்டும். அடிக்கணு இலையைக் கிள்ளிவிட்டு அந்தக் கணுவை மண்ணுக்குள் புதையுங்கள்.

கலவை: தும்புச்சோறு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, இப்படி மூன்று தரம் செய்த பிறகு கலவுங்கள். கடற்கரை மணல் எடுக்கவே கூடாது.

ஐந்து அங்குலச் சாடியில் ஒரு துண்டு மட்டும் நட்டால் மெலிந்து தெரியும். ஐந்து துண்டுகளை விளிம்பை ஒட்டி வட்டமாக நட்டால், பார்ப்பவருக்கு அது ஒரே நிறைந்த செடி. கொழுந்துகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். விறாந்தையில் நேர் வெயில் படாத வெளிச்சமான இடம் நல்லது. இருட்டான மூலையில் வைத்தால் இலையின் மஞ்சள் வரி மங்கிப் பச்சையாகிவிடும். புது இலை வரும்வரை பசளை வேண்டாம்.

சாடியின் அடியில் கல்லுப் போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்களே?

வடியாது. மேலே உள்ள மண் நிறைந்த பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். ஆகவே ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் கிட்ட வரும். கல்லுக்குப் பதிலாகச் சாடியின் அடியில் மூன்று துளை போடுங்கள், துளைமேல் ஒரு துண்டுத் தும்பு வையுங்கள். புது மண்சாடி என்றால் நடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். உலர்ந்த சாடி கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதனாலேயே பல தண்டுகள் வேர் விடுமுன் வாடிப்போகின்றன.

கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு கொடுத்தால் வேர் தெரிய அழகாக இருக்குமே! (கிண்ணியா)

அழகுதான். ஆனால் 2017இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை உங்கள் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் நிற்கும் தெளிந்த தண்ணீரைத்தான் அந்த நுளம்பு தேடி வரும். முட்டையிலிருந்து நுளம்பாகி வெளியே பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிழமைக்கு இருமுறை தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் உட்சுவரைத் தூரிகையால் தேய்க்கக்கூடியவர் என்று தெரிந்தால் மட்டும் போத்தலில் கொடுங்கள். வாயை மெல்லிய வலைத் துணியால் கட்டுங்கள். மற்றவர்களுக்கு மண்சாடியே சரி. தண்ணீரில் வளர்ந்த வேர் பிறகு மண்ணுக்கு மாறும்போது தடுமாறவும் செய்யும்.

தண்ணீரில் வைத்த தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று போகிறது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: இலை தண்ணீருக்குள் கிடந்து அழுகியது, வெட்டிய கத்தி மொட்டை, அல்லது போத்தல் வெயிலில் சூடானது. கறுத்த பகுதிக்கு மேலே, பச்சையாக உள்ள இடத்தில் புதிதாக வெட்டி நேரே மண்ணில் நடுங்கள்.

லக்கி பம்பூவின் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகின்றன. கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (நிலாவெளி)

கிணற்றுத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும். இது மூங்கிலே அல்ல, ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா இனம். தண்ணீரில் உள்ள உப்பும் புளோரைட்டும் இதற்கு ஆகாது. இரண்டும் இலை நுனியில் போய்ச் சேர்ந்து அதைக் கருக்கிவிடும். கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். மாரியில் மழைத்தண்ணீரைப் பிடித்து மூடிய கலனில் சேமித்து வையுங்கள். அது இல்லாத காலத்தில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள், குளோரின் குறையும். வேர் மூழ்கும் அளவு தண்ணீர் நின்றால் போதும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. இலையின் வடிவத்திலேயே கத்தரித்து விடுங்கள். ஆனால் இலையல்ல, தண்டே மஞ்சளானால் அந்தத் தண்டை உடனே வெளியே எடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்துத் தண்டுகளும் போய்விடும். அதன் தலைப்பகுதி பச்சையாக இருந்தால் நான்கு அங்குலம் வெட்டித் தனியாக வேர்விட வைக்கலாம். தண்டுகளைச் சேர்த்துக் கட்ட, கம்பி வேண்டாம். தண்டு பருக்கும்போது கம்பி வெட்டும். சிவப்பு நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

லக்கி பம்பூவுக்கு எத்தனை தண்டு வைக்க வேண்டும்?

சீனர் வழக்கில் மூன்று தண்டு மகிழ்ச்சி, செல்வம், நீண்ட ஆயுளுக்கு. நான்கு வைப்பதில்லை. அவர்கள் மொழியில் நான்கைக் குறிக்கும் ஒலி சாவைக் குறிக்கும் ஒலிக்கு நெருங்கியது.

கலியாணப் பரிசாக நம் ஊர் முறைக்குப் பொருந்தும் செடி ஏதாவது? (சாம்பல்தீவு)

வெற்றிலைக் கொடி. எங்கள் முதல் தெரிவும் இதுதான். நல்ல காரியம் எதையும் வெற்றிலையில் தொடங்குகிற வீட்டுக்கு, வெற்றிலை கொடுக்கும் கொடியையே சாடியோடு கொடுப்பதைவிட மங்கலமானது வேறென்ன?

எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தடியைப் பற்றி மேலே ஏறும் கொடியில் கணுவுக்குக் கணு சிறு ஒட்டுவேர்கள் தெரியும், அதையே வெட்டுங்கள். பக்கமாக நீளும் கிளையில் ஒட்டுவேர் இருக்காது. அதை நட்டால் செடி நிற்கும், ஆனால் ஏறாது. நான்கு கணுத் துண்டில் இரண்டு கணுவை மண்ணில் புதைத்து, நடுவே தும்புக் கயிறு சுற்றிய இரண்டடித் தடியை ஊன்றுங்கள். கலவையில் கூட்டெருவை இரண்டு பங்காக்குங்கள். தடியின் கயிற்றையும் சேர்த்துக் காலை மாலை நனையுங்கள், காய்ந்த கயிற்றில் ஒட்டுவேர் பிடிக்காது. நேர் வெயிலும் கச்சான் காற்றும் இலையை எரித்துவிடும், உவர்த் தண்ணீர் வேரைக் கெடுக்கும். மா மரத்தடி போன்ற நிழலில் இரண்டு மாதம் நின்ற சாடியைக் கொடுங்கள்.

ஜேட் செடிக் கிளைகள் நட்டதும் அழுகிவிடுகின்றன. (மூதூர்)

வெட்டிய கையோடு நடுகிறீர்கள் போலும். கிளையை நிழலில் ஐந்து நாள் சும்மா போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் பிடித்த பிறகு நடுங்கள். பாதி மணல், பாதி கலவை. முதல் கிழமை தண்ணீரே வேண்டாம். மார்கழி மழையில் முயலாமல் மாசிக்குப் பிறகு தொடங்குங்கள். துளையிட்ட சிரட்டை இதற்குப் போதும், மணி பிளாண்டுக்கு அது சிறிது.

திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் வளரும் என்பது உண்மையா?

இல்லை. கணுவோடு வெட்டியது எப்படி வந்தாலும் வளரும். கேட்டே வாங்குங்கள், அரை முழம் கொடியை மறுப்பவர் இல்லை.

பரிசு கொடுக்கும் வீட்டில் பூனையும் தவழும் குழந்தையும் உண்டு. (உவர்மலை)

அப்படியானால் மணி பிளாண்டைத் தவிருங்கள். இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற ஒக்சலேற்றுப் பளிங்குகள் வாயையும் நாக்கையும் எரிய வைக்கும். லக்கி பம்பூவும் ஜேட்டும் பூனைக்கு ஆகாதவை. வெற்றிலையே கொடுங்கள்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் காலை தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள், புறப்படும் நாளில் ஊற்ற வேண்டாம். மண்மேல் கசக்கிய பத்திரிகைத் தாள் வைத்துச் சாடியோடு சேர்த்துக் கட்டி, சாடி அசையாத அட்டைப்பெட்டியில் நிறுத்தி, உங்கள் காலடியில் வையுங்கள். பொதிகளோடு அடிப்பெட்டியில் போட்டால் கொழுந்து முறியும். போய் இறங்கியதும் பெட்டியைத் திறந்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் நிழலில் இருக்கட்டும்.