'புட் இட் அப் வித்' ஏன் தவறு?

'என்னால் அதைச் சகிக்க முடியாது' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஐ கான்ட் புட் அப் வித் இட்' என்பதே சரி. நீங்கள் எழுதிய 'புட் இட் அப் வித்' எங்கும் செல்லாது. 'புட் இட் ஆஃப்' மட்டும் எப்படிச் சரியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

தள்ளிப்போடுவதைக் குறிக்கும் 'புட் ஆஃப்' தொடரில் 'ஆஃப்' வினையோடு ஒட்டிய துணைச்சொல். அதனால் 'இட்' நடுவில் வருகிறது. வந்தே ஆக வேண்டும், 'புட் ஆஃப் இட்' என்பது பிழை. சகித்துக்கொள்வதைக் குறிக்கும் 'புட் அப் வித்' தொடரிலோ கடைசிச் சொல்லான 'வித்' முன்னிடைச்சொல் (ப்ரெபசிஷன்). நம் வேற்றுமை உருபைப் போல அதற்கு ஒரு பெயர் வேண்டும். நாம் உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், ஆங்கிலம் முன்னால் வைக்கிறது.

சந்தேகம் வந்தால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது 'ஆஃப்' அழுத்தமாக ஒலிக்கும். 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' அமுங்கிப்போகும். அமுங்கினால் பெரும்பாலும் முன்னிடைச்சொல். 'இட்' அதற்குப் பின்னால்தான். இலக்கண அட்டவணையைவிட இந்தக் காதுச் சோதனையையே நான் நம்புகிறேன்.

ஆனால் மூன்று சொல் தொடர் எல்லாமே பிரியாதவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ' (கோபத்தை என்மேல் காட்டாதே) என்பதில் 'இட்' வினைக்கு உரியது, 'மீ' 'ஆன்' என்பதற்கு உரியது. கேள்வி வாக்கியத்தில் முன்னிடைச்சொல் தனியே கடைசியில் நிற்கும்: 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' அதுவும் சரிதான்.