பழைய பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரில் பனிக்காலம்: கேள்வி பதில்

மாண்ட்ரியலில் பதினொரு குளிர்காலமாக ஒரு 1991 மஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டுகிறேன். அதற்கு முன் போர்ஷே 944 இருந்தது. இரண்டிலும் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை, வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் இல்லை. இதுவரை மூன்று முறை சுழன்றிருக்கிறேன். மூன்றுக்கும் என் கால்கள்தான் பொறுப்பு. இனி உங்கள் கேள்விகள்.

வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள்தானே? பனி டயரைப் பின்னால் மட்டும் போட்டால் போதாதா? (டொராண்டோ)

போதாது. அப்படிச் செய்தால் வண்டி நன்றாகக் கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது. பிரேக்கின் பெரும்பங்கு முன்சக்கரங்களில் இருக்கிறது. நான்கிலும் ஒரே வகை டயர்தான் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும், பனி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். உங்கள் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் பனிக்கு மாகாண எல்லை தெரியாது.

அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும், ஒல்லியானது அதை வெட்டிக்கொண்டு இறங்கும். என் காருக்கு நிறுவனம் கொடுத்த அளவு 185/60. குளிர்காலத்தில் 175/65 போடுகிறேன், விட்டம் கிட்டத்தட்ட அதேதான்.

டிக்கியில் மணல் மூட்டை வைக்கலாமா? (ஒட்டாவா)

முன்பக்கம் கனத்த காருக்கு உதவும். முப்பது நாற்பது கிலோ போதும். பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கட்டிவிடுங்கள். டிக்கியின் கடைக்கோடியில் வைத்தால் அதுவே ஊசல்குண்டாகி வாலை இழுக்கும். சக்கரம் புதைந்தால் அந்த மணலையே டயருக்கு முன் தூவிக்கொள்ளலாம்.

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் மூட்டையைத் தேடவே வேண்டாம். இன்ஜின் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 1968, 69, 70 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, பனிமலைச் சாலைகளில் நடக்கும் மான்டே கார்லோ ராலி கார்ப் பந்தயத்தை வென்றது அந்தக் கார்தான். கிளம்புவதில் அதை மிஞ்ச ஆளில்லை. வளைவில் பதறி காலை எடுத்தால் அந்த 60 சதவீதமும் உங்களை முந்திக்கொண்டு போகும்.

வளைவில் வால் ஒதுங்கியது. பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டேன், அப்படியே சுழன்றுவிட்டேன். விட்டது தவறா அண்ணா? (ஆஸ்லோ)

தம்பி, எல்லாரும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். காலைச் சட்டென்று எடுத்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. அதே நொடியில் இன்ஜினின் இழுவை பின்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இலேசான சக்கரத்துக்குப் பிரேக் போட்டால் வேறென்ன நடக்கும்?

என் இரண்டாவது சுழற்சியும் இதே கதைதான். லொரன்டைட் மலைப்பக்கம் ஓர் இறக்கம். பிரேக்கைத் தொடக்கூடாது என்ற மிதப்பில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி கிளட்சை விட்டேன். இன்ஜின் உறுமியது, பின்சக்கரங்கள் ஒரு கணம் நின்றேவிட்டன. நான் கடந்து வந்த மரங்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்தன. பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவைத்த வரப்பில் போய் மெத்தென்று உட்கார்ந்தது கார். கீறல் ஒன்றுமில்லை, மானம்தான் போனது.

வால் போனால் கிளட்சை மிதியுங்கள். சக்கரங்கள் தாமாக உருளத் தொடங்கும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மரத்தைப் பார்க்காதீர்கள். கை கண்ணைத்தான் பின்தொடரும். வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கணத்தில்தான். வால் திரும்பி வரத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் சாட்டைபோல் எதிர்ப்பக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிட மோசம்.

உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, வெறிச்சோடிய மைதானம் ஒன்றில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பழகிக்கொள்ளுங்கள். பனிக்கடியில் ஒளிந்திருக்கும் நடைபாதை விளிம்புகளை முதலில் நடந்துபோய்ப் பாருங்கள்.

சிக்னலில் பச்சை விழுந்தும் என் கார் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. (டொராண்டோ)

இரண்டாம் கியரில், கிளட்சை மிக மெதுவாக விட்டுக் கிளம்புங்கள். சுற்றும் சக்கரம் பனியை உருக்கி மெருகேற்றிக் கண்ணாடியாக்கிவிடும், அப்புறம் மணல்தான் கதி.

வழுக்கலைக் குறைக்கும் டிஃபரன்ஷியல் போட்டால் கவலை தீருமா? (பெர்ன்)

பாதி தீரும், பாதி கூடும். டிஃபரன்ஷியல் என்பது இன்ஜினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. இந்த வகையைப் போட்டால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாது. ஆனால் அளவுக்கு மீறி மிதித்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், அப்போது வாலைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது.

ஏபிஎஸ் இல்லாமல் எப்படி நிறுத்துகிறீர்கள்? (ஒட்டாவா)

வெகு முன்கூட்டியே. பூட்டிக்கொண்ட முன்சக்கரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் போகும். பூட்டியது தெரிந்ததும் மிதியைச் சற்றுத் தளர்த்தி, உருள விட்டு, மீண்டும் அழுத்த வேண்டும். தெருவில் யாரும் இல்லாதபோது ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்து, அன்றைய பிடிமானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறேன். காலையில் செய்யும் முதல் வேலை அதுதான்.

பனி உருகச் சாலையில் தூவும் உப்பு காரைத் தின்றுவிடாதா? (டொராண்டோ)

தின்னும். வழுக்கலைவிட எனக்கு அதுதான் பயம். எம்எக்ஸ்-5-இல் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டால், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். இலையுதிர் காலத்தில் துளைகளைக் குத்திவிட்டு, அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கச் செய்கிறேன். கழுவாத காரைச் சூடான கராஜில் நிறுத்தாதீர்கள். உப்பு உறைந்து கிடக்கும்போது செய்யாத வேலையை ஈரமானதும் செய்யும். கிடைத்தற்கரிய கார் என்றால், மன்னிக்கவும், அதைப் போர்த்திவைத்துவிட்டு வேறு ஏதாவது ஓட்டுங்கள்.

பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல் விட்டுவிட்டது. (மாண்ட்ரியல்)

குளிரில் துணிக்கூரையை மடக்கியிருப்பீர்கள். வசந்தம் வரும்வரை தொடவே கூடாது.

இன்றிரவு உறைமழை என்கிறார்கள். நாளைக் காலை வேலைக்கு எப்படிப் போவீர்கள் ஐயா? (மாண்ட்ரியல்)

மெட்ரோவில். அதுவும் ரப்பர் டயரில்தான் ஓடுகிறது, ஆனால் முழுக்க நிலத்தடியில்.