அப்டேட் ஏற்றிய ஓஎஸ் இமேஜ்: காசு கொடுத்து வாங்காதீர்கள், நீங்களே செய்யுங்கள்

கேள்வி: கோவில்பட்டியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாதம் 30, 40 மெஷினுக்கு விண்டோஸ் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. ஓஎஸ் ஏறுவதற்கு 20 நிமிடம்தான், அப்புறம் அப்டேட் இறங்கி முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது, நெட்டும் காலியாகிவிடுகிறது. எல்லா அப்டேட்டும் ஏற்றி, ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டு, ஆக்டிவேட் ஆன நிலையிலேயே மாதாமாதம் புது இமேஜ் (மெஷினில் அப்படியே இறக்கும் விண்டோஸ் தொகுப்பு) தருகிறேன், 1,500 ரூபாய் போதும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா சார்? இல்லை, நானே அப்படி ஒன்று செய்துகொள்ள முடியுமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. நீங்களே செய்துகொள்ளலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பழகிவிட்டால் அதுவும் தேவைப்படாது.

அந்த 1,500 ரூபாய்க்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார், பெயர்தான் மாறுகிறது. அவர் விற்பது அப்டேட் ஏற்றிய இமேஜ் என்கிறார், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் விண்டோஸ் அப்டேட் சேவையையே அணைத்து வைத்திருப்பார். அடுத்த மாத அப்டேட் வந்து உட்கார்ந்தால் காசு கொடுக்காமல் ஆக்டிவேட் செய்ய அவர் போட்ட கிராக் கழன்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அப்படி ஒரு இமேஜ் போட்ட லேப்டாப் ஒன்று என் மேசைக்கு வந்தது. விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரைத் திறந்தேன், பச்சை டிக் அழகாக இருந்தது. விலக்குப் பட்டியலைப் பார்த்தால் சி டிரைவ் மொத்தமும் அதில் இருந்தது. அதாவது காவலாளி இருக்கிறான், வாசலை மட்டும் பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த லேப்டாப்பில்தான் அந்த வீட்டுக்காரர் நெட் பேங்கிங் செய்துகொண்டிருந்தார். வைரஸ் வந்தால் அவர் போய் நிற்கப்போவது உங்கள் கடை வாசலில், இமேஜ் விற்றவரின் வாசலில் இல்லை. சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி கள்ள மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பாதி மெஷின்களுக்கு அந்தக் கிராக்கே தேவையில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு விற்பனையான பிராண்ட் லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அந்த லேப்டாப்பில் அதே பதிப்பைப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புதான் வரும். கஸ்டமர் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் அது. அதை அழித்துவிட்டு "உங்களுக்கு புரோ போட்டுத் தந்திருக்கிறேன்" என்று பெருமையாகக் கள்ளப் புரோவைப் போட்டுக் கொடுக்கிறார்கள், கஸ்டமரும் கூடுதலாக 200 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார். எந்தக் கடையில் இதைச் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இமேஜ் செய்ய இரண்டு வழி. ஒன்று, ஒரு மெஷினில் எல்லாம் போட்டு முடித்து, அந்த வட்டை அப்படியே நகலெடுத்து மற்ற மெஷின்களில் இறக்குவது. கோஸ்ட் என்ற பழைய நகலெடுக்கும் மென்பொருள் காலத்துப் பழக்கம். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்டின் சுத்தமான ஐஎஸ்ஓவை (விண்டோஸை நிறுவும் கோப்பு) எடுத்து அதற்குள்ளேயே அப்டேட்டைச் செருகி வைப்பது. நீங்கள் இரண்டாவதைச் செய்யுங்கள். முதல் வழியில் சிஸ்பிரெப் என்ற ஒரு படி இருக்கிறது, மெஷினின் அடையாளங்களைத் துடைப்பதற்கு. ஸ்டோரிலிருந்து ஏதாவது ஒரு ஆப் தானாக அப்டேட் ஆகியிருந்தாலே அது பாதியில் நின்றுவிடும், எரிச்சலில் நம் ஆட்கள் அந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். பல வருடம் அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. இப்போது கெடுகிறது: 2025 ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு வந்த அப்டேட்களில் ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு விண்டோஸ் 11 மெஷின்கள் (24எச்2, 25எச்2 வெளியீடுகள்) ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே நகலை நான்கு மெஷினில் இறக்கிவிட்டு வந்தீர்கள் என்று வையுங்கள், பகிர்ந்த டேலி ஃபோல்டரும் திறக்காது, பிரிண்டரும் வராது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தவறு என்று சொல்லும். எத்தனை முறை டைப் செய்தாலும் அதேதான்.

இரண்டாவது வழியில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு மெஷினிலும் விண்டோஸ் புதிதாகவே ஏறுகிறது, அப்டேட் மட்டும் கூடவே வருகிறது.

கட்டளைகளை நான் இங்கே எழுதவில்லை. ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு மாறினாலும் வேலை கெடும், மைக்ரோசாஃப்ட்டின் டிஸ்ம் விளக்கப் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ம் என்பது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் கருவி, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். என்ன நடக்கிறது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பென்டிரைவ் தயார் செய்து தரும் மீடியா கிரியேஷன் டூல் வேண்டாம், ஐஎஸ்ஓ கோப்பாகவே இறக்குங்கள், ஏனென்றால் அந்த டூல் தரும் கோப்பு இறுக்கிச் சுருக்கியது, நேராகத் திறந்து திருத்த முடியாது. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை அந்தப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஐஎஸ்ஓவுக்குள் இன்ஸ்டால்.விம் என்று ஒரு பெரிய கோப்பு. அதற்குள் ஹோம், புரோ, எஜுகேஷன் என்று 11 பதிப்புகள் அடுக்கியிருக்கும். அப்டேட்டை ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகச் செருக வேண்டும், 11-க்கும் செய்தால் பொழுது விடிந்துவிடும். ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ மூன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், உங்கள் கடைக்கு வருவது இந்த மூன்றுதான். அப்புறம் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அந்த மாத அப்டேட்டை இறக்குங்கள். கோப்பு பெரியது, 3, 4 ஜிபிகூட வரும், ஆனால் ஒரு தடவைதான் இறக்கப் போகிறீர்கள். இங்கே ஒரு சிக்கல்: 24எச்2 முதல் சில அப்டேட்கள் முந்தைய ஒரு பெரிய அப்டேட்டின் மேல்தான் ஏறும். கேட்டலாகில் பதிவிறக்கு என்று அழுத்தினால் இரண்டு மூன்று கோப்புகள் காட்டும், பலர் மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் "ஏறமாட்டேன் என்கிறது" என்று புலம்புவார்கள். எல்லாவற்றையும் இறக்கி, வேறு எதுவும் இல்லாத ஒரே ஃபோல்டரில் போட்டு, கடைசி அப்டேட்டை மட்டும் டிஸ்ம்மிடம் காட்டுங்கள், தேவையானதை அது பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதம் ஒரு அப்டேட் என்று ஒரே கோப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தது, அதையும் மாற்றிவிட்டார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

விம்மை ஒரு காலி ஃபோல்டரில் திறப்பது, அப்டேட்டைச் செருகுவது, பழைய குப்பையைத் துடைப்பது, சேமித்து மூடுவது. இவ்வளவுதான் வேலை. பூட்.விம் என்ற சின்னக் கோப்புக்கும் இதே அப்டேட்டைக் கொடுங்கள், நிறுவும்போது திரையில் வருவது அதுதான். வட்டில் 50 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டியில் செய்யுங்கள், மூடும்போது அந்த ஃபோல்டர் எந்தத் திரையிலும் திறந்திருக்கக் கூடாது, திறந்திருந்தால் மூட மறுக்கும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கடைசியில் இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டியிருக்கும், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது, டிஸ்ம்மிலேயே இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், நிறுவும்போது விண்டோஸே சேர்த்துக்கொள்ளும்.

ஆபீஸ், குரோம், பிடிஎஃப் ரீடர் எதையும் இதற்குள் திணிக்காதீர்கள். அடுத்த மாதமே பழசாகிவிடும். டிரைவரும் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்) வேண்டாம், நெட் கிடைத்ததும் விண்டோஸே தேடிப் போட்டுக்கொள்கிறது.

டிரைவர் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றும் கெடாத எஸ்எஸ்டியைக் கெட்டுப்போனது என்று சொல்லிப் புது எஸ்எஸ்டி விற்ற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த லேப்டாப்களில் பலவற்றில் விஎம்டி என்ற ஒரு ஏற்பாடு பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ஆன் ஆகி வரும். வட்டுக்கும் ஓஎஸ்ஸுக்கும் நடுவே அது நிற்கிறது. அதன் டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் சாதாரண ஐஎஸ்ஓவில் இருக்காது. பென்டிரைவைப் போட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள், எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரையில் வட்டே இருக்காது, பட்டியல் காலி. வட்டு சாகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிலர் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை இன்னும் அழிக்கவில்லை, டேட்டா எடுக்க வேண்டும் என்றால் பழைய விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும், கஸ்டமர் முன்னால் உங்கள் முகமும் நீலமாகும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அவிழ்த்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரை இன்ஸ்டால்.விம்முக்கும் பூட்.விம்முக்கும் டிஸ்ம் வழியாகவே சேர்த்துவிடுங்கள். பூட்.விம்முக்குள் இரண்டு அடுக்கு இருக்கும், இரண்டாவதில் கட்டாயம் சேர்க்க வேண்டும், வட்டைத் தேடுவது அதுதான். இன்ஸ்டால்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு வட்டு வரவில்லையே என்று கேட்பவர்கள் நிறைய. தலைமுறைக்குத் தலைமுறை டிரைவர் மாறும், அதனால் இரண்டு மூன்று பதிப்பைச் சேர்த்து வையுங்கள், ஒன்றோடு ஒன்று சண்டை போடாது.

இமேஜ் தயாரானாலும் கஸ்டமர் மெஷினில் பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்தால், ஹோம் பதிப்பாக இருந்தாலும் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம், அந்த மனிதருக்கே அது தெரியாது. வட்டைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி டேட்டா எடுக்கப் பார்த்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டோ அதை முதன்முதலில் செட் செய்துகொடுத்த கடைக்காரருக்குத்தான் தெரியும். கேட்காமலே பூட்டி, சாவியைக் கஸ்டமருக்கே தெரியாத இடத்தில் வைக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஒரு நாள் நம் கடையில் வந்து உட்கார வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், டேட்டாவை எடுங்கள், எடுத்ததைக் கஸ்டமரிடமே திறந்து காட்டுங்கள், அப்புறம் ஃபார்மட்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய மெஷின்களைப் பற்றியும் அடுத்துக் கேட்பீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வித்தைகள் இருக்கின்றன, அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது, அதைக் கஸ்டமரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நன்றாக ஓடும் ஆறாம் தலைமுறை ஐ5 மெஷினைக் குப்பை என்று அறிவித்தது நீங்களும் நானும் இல்லை.

இமேஜை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும், நடுவில் விட்டுப்போனதை மெஷின் தானே இறக்கிக்கொள்ளும். கடைக்குள் இருக்கும் மெஷின்களில் டெலிவரி ஆப்டிமைசேஷனை ஆன் செய்து வைத்தால் ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும், உங்கள் நெட் மிச்சம். அப்டேட் வருவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அன்றைக்கே பாய்ந்து எடுக்காதீர்கள். ஒரு வாரம் விட்டு, ஊரில் யாருக்காவது வெடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். செய்து முடித்ததை உங்கள் கடை மெஷின் ஒன்றில் முதலில் போட்டு, அடுத்த மாத அப்டேட் அதில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். 2024 அக்டோபர், நவம்பர் மாத அப்டேட் சேர்த்துத் தயாரித்த 24எச்2 பென்டிரைவிலிருந்து போட்ட மெஷின்கள் அதற்குப் பிறகு எந்தப் பாதுகாப்பு அப்டேட்டையும் ஏற்காமல் நின்றன. டிசம்பர் அப்டேட் சேர்ந்த மீடியாவிலிருந்து மறுபடி போடுங்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு. அந்த இரண்டு மாதத்தில் செய்த பென்டிரைவ் உங்கள் மேசை டிராயரில் ஏதாவது கிடந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள், புதிதாகச் செய்யும் ஒவ்வொன்றின் மேலும் மாதத்தையும் வருடத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.