பழைய வீட்டுக்கு ஸ்டார்லிங்க்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்களுடையது பனை வளையும் (கூரையைத் தாங்கும் மரம்) ஓடும் போட்ட, நடுவே முற்றமுள்ள பழைய நாற்சார் வீடு. ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்துக்கு டிஷ் பொருத்த வந்தவர், முகட்டில் இரண்டு ஓடுகளைக் கழற்றி இரும்புக் கம்பம் நிறுத்த வேண்டும் என்கிறார். விடலாமா? முற்றத்தில் வைத்தால் வேலை செய்யாதா?
– வாசகி, கரவெட்டி

பதில்: முகட்டில் கைவைக்க விடாதீர்கள். உயரத்தில் இருந்தால்தான் நன்றாக எடுக்கும் என்பது தொலைக்காட்சி அன்ரனா காலத்து நினைப்பு. ஸ்டார்லிங்குக்கு வேண்டியது உயரமல்ல, திறந்த வானம். தொலைக்காட்சிச் செய்மதி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது. அதற்கு மரங்களுக்கிடையே ஒரு சின்ன இடைவெளி போதும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று மறைய மற்றது வரும். வானத்தின் ஒரு மூலையைத் தென்னை மறைத்தாலும், செய்மதி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இணைப்பு விட்டு விட்டு வரும்.

முகட்டை ஏன் தொடக்கூடாது? டிஷ்ஷின் பாரம் 3 கிலோ அளவுதான், பாரம் பிரச்சினையல்ல. காற்றுத்தான் பிரச்சினை. ஓடு சிலாகையில் (குறுக்கே அடித்த மெல்லிய மரச்சட்டத்தில்) கொளுவி நிற்கிறதே தவிர ஆணி அடித்திருப்பதில்லை. கம்பம் ஆட ஆடப் பக்கத்து ஓடுகள் இளகும். கம்பத்தைச் சுற்றிப் பூசும் சிலிக்கோன், தூசி படிந்த மண் ஓட்டில் நெடுநாள் ஒட்டி நிற்காது. மாரி மழை கம்பத்தோடு வழிந்து வளைக்கு இறங்கும். பனைக்கு வைரம் வெளிப்பக்கத்தில்தான், உள்ளே மெதுவான சோற்றி. போல்டுக்குத் துளைத்தால் வைரம் பிளக்கும், சோற்றி பிடிக்காது. அந்த ஈரத்தில் கறையான் ஏறினால் வளையையே மாற்ற வேண்டிவரும்.

இனி முற்றம். டிஷ் 110 பாகை அகலத்துக்கு வானத்தைப் பார்க்கும். அது நேரே மேலே பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அடிவானத்திலிருந்து 35 பாகைக்கு மேல் எதுவும் மறைக்கக்கூடாது. முற்றம் 12 அடி அகலம், தாழ்வார விளிம்பு 8 அடி உயரம் என்போம். நடு முற்றத்தில் 2 அடி உயரத்தில் வைத்தால் விளிம்பு 45 பாகையில் நிற்கும், மறைக்கும். 5 அடிக்கு உயர்த்தினால் 27 பாகைக்கு இறங்கிவிடும். பின்னால் ஏறிப்போகும் கூரை அதிகம் செங்குத்தாக இல்லாவிட்டால் அதுவும் 35க்குள் அடங்கும். ஆனால் டிஷ் சற்றுச் சாய்ந்தே நிற்பதால் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கம்பம் நடுவதற்கு முன் கைப்பேசியை அதே இடத்தில், அதே உயரத்தில் பிடித்து, ஸ்டார்லிங்க் செயலியில் உள்ள தடைச் சோதனையைச் செய்யுங்கள்.

வளவில் இடமிருந்தால் அதுவே மேல். கிணற்றடிப் பக்கம், தென்னைக்கு எட்டத்தில், ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. 10 அடி ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய். 1:2:4 (சீமேந்து, மணல், சல்லி) கொங்கிறீற்றுக்கு ஒரு பை சீமேந்து போதும். மூன்று நாளாவது இறுக விட்டு, பிறகு டிஷ்ஷை ஏற்றுங்கள். குழாய் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: கடையில் ஒன்றரை அங்குலம் என்பது உள்விட்டம், வெளிவிட்டம் 48 மில்லிமீற்றர் வரும். டிஷ்ஷின் குழாய்ப் பிடி வெளிவிட்டத்தைத்தான் கேட்கும். கடற்காற்றுக்குச் சாதாரண நட்டும் போல்டும் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.

பெட்டியோடு வரும் கேபிள் 15 மீற்றர். போதாவிட்டால் நீளமானதை வாங்குங்கள், வெட்டி ஒட்டவே கூடாது. சுண்ணாம்புச் சுவரைத் துளைக்காமல் யன்னல் நிலையில் துளையிடலாம். மழைநீர் உள்ளே வராதபடி துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கேபிள் துளைக்குள் ஏறுமுன் வெளியே ஒரு வளைவு தொங்கட்டும், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். றூட்டரை அறைக்குள் வைக்காதீர்கள், ஒன்றரை அடிச் சுவர் வைஃபையை விழுங்கிவிடும். முற்றத்தைப் பார்த்த விறாந்தையில், நனையாத இடத்தில் வைத்தால் நான்கு பக்க அறைக் கதவுகளுக்கும் திறந்தவெளியாலேயே அலை போகும். நாற்சார் வீட்டின் பெரிய வசதி இது.

கேள்வி: காலிக் கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறோம். தெருவுக்குத் தெரியாமல் பின்பக்கம் டிஷ் வைத்தால் அனுமதி தேவையில்லைதானே?
– வாசகர், காலி

பதில்: தேவை. கோட்டை 1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடம். தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்காமல் வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டாம். தெருவுக்குத் தெரியாவிட்டால் போதும் என்பதும் இங்கே சரிவராது. மாலையில் கோட்டை மதிலில் நடப்பவர்களுக்கு உங்கள் கூரையும் பின்முற்றமும் நன்றாகவே தெரியும். தெருவிலிருந்து ஒன்று, மதிலிலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுத்து அனுமதி விண்ணப்பத்தோடு வையுங்கள்.

துளையே போடாத முறை உங்களுக்குப் பொருந்தும். பின்கட்டில் பிற்காலத்துக் கொங்கிறீற்றுத் தட்டு (தட்டையான கூரை) இருந்தால், அதில் றப்பர் விரிப்பு, அதன்மேல் இரும்புச் சட்டம், நான்கு மூலையிலும் 15 கிலோ வீதம் சீமேந்துக் கற்கள். நாளை எடுத்துவிட்டாலும் சுவடு இருக்காது என்று விண்ணப்பத்தில் எழுதலாம். கூரை நிறத்துக்கு டிஷ்ஷில் வர்ணம் பூச வேண்டாம், அலை குறையும்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா, தகரக் கூரை. பாவிக்காத புகைபோக்கியில் கட்டலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். பழைய புகைபோக்கியின் சாந்து உச்சியில்தான் முதலில் உதிரும். அங்கே காற்றில் டிஷ் பாய்போல இழுத்தால் கல் பெயரும். புல்தரையில் கம்பம் நடுங்கள். மலை எந்தப் பக்கம் மறைக்கிறது என்பதைச் செயலியில் முதலே பாருங்கள், மூடுபனி பொருட்டல்ல.

மின்னல்தான் உங்களுக்குப் பெரிய பயம். கம்பத்தின் அடியில் நிலத்துக்குள் ஏர்த் கோல் இறக்கி, அதை 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியால் கம்பத்தோடும் வீட்டு ஏர்த்தோடும் இணையுங்கள். பழைய வயரிங்கில் ஏர்த்தே இல்லாமலிருக்கக்கூடும், மின்னியலாளரைக் கொண்டு அதை முதலில் சோதியுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் இருண்டால், முதல் இடி கேட்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஆளியை மட்டும் நிறுத்தினால் போதாது.