சாயும் இருக்கை: வாசகர்கள் கேட்டவை

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்ப்பதற்காகத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். சாப்பாடு முடிந்து தேநீரைப் பலகையில் வைத்திருந்த நேரத்தில், முன்னால் இருந்தவர் இருக்கையைச் சடாரென்று பின்னால் தள்ளியதில் தேநீர் முழுவதும் மடியில் கொட்டிவிட்டது. கேட்டதற்கு, "காசு கொடுத்திருக்கிறேன், சாய்கிறேன்" என்றார். அவர் சொன்னது நியாயமா?
- வாசகி, மேலப்பாளையம்

பதில்: சாய்ந்ததில் தவறில்லை அம்மா, சாய்ந்த வேளையும் விதமும்தான் தவறு. எகானமி வகுப்பில் வரிசைக்கு வரிசை விடப்படும் தூரம் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். இருக்கையின் கனமும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால் முழங்காலுக்கு மிஞ்சுவது சொற்பம். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு கம்பி இழுபட்டு, முதுகுப் பலகையைப் பிடித்திருக்கும் உருளையின் பூட்டு விடுபடுகிறது. பலகை இரண்டு முதல் நான்கு அங்குலம் பின்னே வருகிறது. சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்ஸின் புஷ்பேக் சீட்டில் பழகியவர்களுக்கு இது ஒரு சாய்வாகவே தோன்றாது. பின்னால் இருப்பவருக்கோ, உணவுப் பலகையும் அதே இருக்கையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்பதால், மெல்லச் சாய்ந்தாலே தேநீர் தளும்பும்.

அந்த நான்கு அங்குலத்தை இருவருக்கும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள் என்பதுதான் வம்பு. நெல்லை எக்ஸ்பிரஸில் நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்துக்கொள்ளலாம் என்று ரயில்வே விதி இருப்பதால், யார் முணுமுணுத்தாலும் கடிகாரம் வழக்கைத் தீர்த்துவிடும். விமானத்தில் அப்படியொரு கணக்கு இல்லை. 2014இல் அமெரிக்காவில் ஒரு பயணி, முன்னிருக்கை சாயாதபடி பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் செருகிவைக்க, தகராறு முற்றி, டென்வர் போக வேண்டிய விமானம் சிகாகோவில் இறங்கி இருவரையும் இறக்கிவிட்டுப் போனது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உணவு வேளையில் இருக்கையை நிமிர்த்தச் சொல்வது பணிப்பெண்களின் வழக்கம்தான். தலைக்கு மேலுள்ள பொத்தானை அழுத்தி அவர்களிடம் சொன்னால், கேட்க வேண்டியதை அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: ஏறும்போதும் இறங்கும்போதும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கெடுபிடி செய்கிறார்களே, இரண்டு அங்குலத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரிய பயணிகள் விமானம் அனுமதி பெற வேண்டுமானால், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டியாக வேண்டும். புகையிலும் இருட்டிலும் தட்டுத்தடுமாறி வருபவர் சன்னலோரத்திலிருந்து நடைபாதைக்கு வரும்போது, அந்த இரண்டு அங்குலம் இடுப்பை மறிக்கும். விபத்துகளில் பெரும்பகுதி ஏறும் வேளையிலும் இறங்கும் வேளையிலுமே நேர்வதால்தான் கெடுபிடியும் அப்போது.

கேள்வி: வாகைகுளத்திலிருந்து சென்னைக்குப் போனபோது என் இருக்கை சாயவே இல்லை. பழுதா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கைப்பிடியில் பொத்தான் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எடையும் பழுதுபார்க்கும் செலவும் குறையும் என்று, குறுகிய தூர விமானங்கள் பலவற்றில் சாயாத இருக்கைகளையே பொருத்துகிறார்கள். பொத்தான் உள்ள விமானத்திலும், பின்னால் சுவர் இருக்கும் கடைசி வரிசையும், அவசர வழிக்கு முந்தைய வரிசையும் பெரும்பாலும் சாயாது. சீட்டு எடுக்கும்போதே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.